அக்சியோஸ்: பாத்திரமா, தகுதியா, தகவா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

இறையியல் மாணவர்களுக்கான கிரேக்கச் சொல்லடைவு இந்த வாரக் கடைசியில் அச்சுக்குப் போக வேண்டும். ‘ஏற்ற, தகுந்த’ என்று பொருள்படும் ‘அக்சியோஸ்’ என்ற சொல்லுக்குத் தமிழில் எதை வைப்பது என்பது மட்டும் இன்னும் இழுபறியில் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலுள்ள ‘பாத்திரம்’ போதும் என்போர், “பாத்திரம் அறிந்து பிச்சையிடு” என்னும் பழமொழியைச் சுட்டுகிறார்கள். “வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான்” என்னும் லூக்கா 10:7-க்கு அது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் 1 கொரிந்தியர் 11:27-ஐ வகுப்பில் வாசித்துப் பாருங்கள். ‘அபாத்திரமாய்’ அப்பத்தைப் புசித்து, ‘பாத்திரத்தில்’ பானம்பண்ணுகிறவனைப் பற்றிய வசனம் அது. கிரேக்கத்தில் முன்னது அக்சியோஸின் எதிர்மறை வினையடையான ‘அனக்சியோஸ்’, பின்னது கிண்ணத்தைக் குறிக்கும் ‘பொட்டேரியோன்’. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லாதிருக்க, தமிழில் மட்டும் இல்லாத சிலேடை ஒன்று முளைத்துவிடுகிறது. மேலும் மத்தேயு 8:8-இல் நூற்றுக்கு அதிபதி “நான் பாத்திரன் அல்ல” என்னுமிடத்தில் மூலச்சொல் அக்சியோஸ் அன்று, ‘ஹிக்கானோஸ்’. அதாவது போதிய தகுதியுடையவன். இரு சொற்களையும் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டால் மாணவருக்கு வேறுபாடு எப்படித் தெரியும்?

அக்சியோஸின் வேர் ‘ஆகோ’ என்னும் வினை. இழுத்தல், தராசுத் தட்டைத் தாழ்த்துதல், எடை கொள்ளுதல் என அதன் பொருள் விரிகிறது. ஆகவே மற்றொன்றுக்கு ஈடாக நிற்பதே இச்சொல்லின் கரு. ரோமர் 8:18-இல் இக்காலத்துப் பாடுகள் வரவிருக்கும் மகிமைக்கு “ஒப்பிடத்தக்கவைகள் அல்ல” என்று பழைய மொழிபெயர்ப்பாளர்கள் எழுதியது அந்தக் கருவைப் பிடித்துக்கொண்டதால்தான். எடையைக் குறிப்பதால் ‘நிறை’ என்றே வைக்கலாம் என்றார் மூத்த நண்பர். ஆனால் “நிறைகாக்கும் காப்பே தலை” என்ற குறளைப் படித்தவர்க்கு அது மன உறுதிப் பக்கம் போய்விடும். நடுவுநிலைமை அதிகாரமோ “தகுதி எனவொன்று நன்றே” என்று தொடங்கி, “சமன்செய்து சீர்தூக்கும் கோல்” வழியாகச் செல்கிறது. “தக்கார் தகவிலர்” என்பதும் அங்கேயே வருகிறது. ‘தகவு’ என்ற என் பரிந்துரைக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. பொறியியலில் தகவு என்றால் விகிதம் என்பது சிலரின் மறுப்பு. விகிதமும் ஒன்றை மற்றொன்றோடு வைத்துப் பார்ப்பதுதான் என்பதால், அது எனக்குத் தடையாகத் தெரியவில்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது 1 கொரிந்தியர் 11:27-இல் வரும் ‘அனக்சியோஸ்’ என்ற அந்த வினையடை. ‘தகுதியற்ற நிலையில்’ என்று எழுதும்போது உண்பவரின் நிலை பேசுபொருளாகிறது. அக்கடிதத்தை எழுதிய பவுல் பேசுவதோ உண்ணும் முறையைப் பற்றி. ஒருவன் பசியாயிருக்க மற்றொருவன் வெறித்திருந்ததையும், இல்லாதவர்கள் வெட்கப்படுத்தப்பட்டதையும் கண்டித்துவிட்டு, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று அவர் முடிக்கிறார். தங்களைத் தகுதியற்றவர்கள் என்றெண்ணி, அந்த அப்பம் பகிரப்படும் திருவிருந்திலிருந்து ஒதுங்கி நிற்கும் எளிய மனிதர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய அச்சத்தில் இந்தச் சொல்லுக்குப் பெரும்பங்கு உண்டு.

எளிமை கருதிப் பெரும்பாலோர் ‘தகுதி’யையே விரும்புவதால், அது முதற்சொல்லாகவும் ‘தகவு’ இரண்டாவதாகவும் இருக்கட்டும். அனக்சியோஸுக்கு மட்டும் ‘தகாத முறையில்’ என்ற தனிப்பதிவு வேண்டும். அதை விட்டுக்கொடுக்க நான் உடன்படவில்லை.