பனையேறிக் குடும்பம், 1960-க்கு முன்னால் சொந்த நிலம் கிடையாது: ஐந்து தலைமுறை மேலே போக வழி உண்டா?

மேலேவிளை கேட்டது:

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகா, பனையேற்றுக் குடும்பம். பாட்டா வரைக்கும் பேர், ஊர், பிறந்த வருஷம் தெரியும். பூட்டன் பேரும் அவர் அப்பா பேரும் வாய்ச்சொல்லாக மட்டும் இருக்கிறது. பூட்டனின் தம்பி சிலோனுக்குத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர், அந்த வழியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு கிளை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), இன்னொரு கிளை இந்து.

கையில் இருப்பது ரெண்டே தாள். ஒன்று பாட்டாவின் பள்ளிக்கூட சர்டிபிகேட் நகல். மற்றது மலையாளத்தில் எழுதின பழைய சீட்டு. அதில் 1087 என்ற எண் மட்டும் வாசிக்க முடிகிறது. வருஷம் என்று எடுத்தால் சோழர் காலம் ஆகிவிடும், அதனால் பத்திர நம்பராக இருக்கலாம். தாலுகா ஆபீஸில் பூட்டன் பேரைச் சொன்னால் சர்வே நம்பர் கேட்கிறார்கள். நிலமே இல்லாதவருக்கு ஏது சர்வே நம்பர்? எதிலிருந்து தொடங்கலாம், அண்ணாச்சிமாரே?

தண்டப்பேர் எழுதியது:

1087 வருஷம்தான். அது கொல்லம் ஆண்டு. நம்ம மாவட்டத்து நாலு தாலுகாவும் 1949 வரைக்கும் திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி. அதனால் பழைய தாளில் மலையாள எழுத்தும் கொல்லம் ஆண்டும்தான் இருக்கும். சிங்ஙம் முதல் தேதி, அதாவது ஆவணி பிறக்கும்போது, வருஷம் மாறும். சிங்ஙத்திலிருந்து தனு (மார்கழி) பாதிவரை உள்ள தேதிக்கு 824 கூட்டுங்கள். மகரத்திலிருந்து (தை) கர்க்கடகம் (ஆடி) வரை 825. தனு மாதம் டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரிக்குள் போவதால், அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் தேதியையும் பார்க்கணும். உங்கள் 1087 என்பது 1911 ஆகஸ்டிலிருந்து 1912 ஆகஸ்ட் வரை. மாதப் பேரை வாசித்தால் எந்த வருஷம் என்று முடிவாகிவிடும்.

சர்வே நம்பர் கேள்விக்கு வருகிறேன். நிலம் இல்லாதவர் பேரை அவர் பேரில் தேடினால் கிடைக்காது, நிலத்துக்காரர் தாளில்தான் அவர் இருப்பார். உங்கள் சீட்டு பாட்டச்சீட்டு (குத்தகைச் சீட்டு) என்றால் அதில் நிலத்துக்காரர் பேர், விளையின் (தோட்ட நிலத்தின்) பேர், பகுதி, முறி, சில சமயம் சர்வே நம்பரும் இருக்கும். பகுதி என்றால் இன்றைய வருவாய்க் கிராமம் மாதிரி, முறி அதற்குள் ஒரு துண்டு. விளைப்பேரைத்தான் கெட்டியாகப் பிடிக்கணும். மேற்குப் பக்கத்தில் ஆளுக்கு அடையாளமே விளைப்பேரும் வீட்டுப்பேரும்தான். ஒரு குடும்பம் வேறு விளைக்குக் குடிமாறினால் அடையாளப் பேரும் மாறிவிடும். பதிவேட்டில் ஆள் திடீரென்று மறைந்தால் செத்துப்போனார் என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் பக்கத்து விளைகளில் தேடுங்கள்.

சர்வே நம்பர் கிடைத்ததும் செட்டில்மென்ட் பதிவேடு. 1880-களில் தொடங்கி 1911-ல் முடிந்த திருவிதாங்கூர் செட்டில்மென்டில் நிலம் யார் பேரில், என்ன வகை (பண்டாரவகை என்றால் அரசு நிலம், தேவஸ்வம் கோயில் நிலம், பிரம்மஸ்வம் பிராமணர் நிலம், ஜன்மம் ஜன்மியின் சொந்த நிலம்) என்று இருக்கும். அதற்குப் பிறகு ரீசர்வே நடந்து எண்கள் மாறியிருக்கின்றன. பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று காட்டும் ஒப்பீட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பழைய எண்ணை இன்றைய அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேட்டில்) பார்த்தால் யாரோ ஒருவர் நிலத்தை உங்கள் பூட்டன் தலையில் கட்டிவிடுவீர்கள். இந்தத் தேடலில் அதிகம் நடக்கிற தப்பு இதுதான்.

அடுத்தது சார்பதிவாளர் ஆபீஸ். கம்ப்யூட்டர் வில்லங்கம் இவ்வளவு பின்னால் போகாது, கையால்தான் தேடணும். இன்டெக்ஸ் 1 பேர்வாரி, இன்டெக்ஸ் 2 சொத்துவாரி. நிலத்துக்காரர் பேரில் இன்டெக்ஸ் 1, விளைப்பேரில் இன்டெக்ஸ் 2 என்று ரெண்டிலும் தேடச் சொல்லுங்கள். பத்திரம் வந்ததும் தொகையைப் பார்ப்பதைவிட நாலு அதிரை (எல்லையை)ப் பாருங்கள். 'வடக்கு இன்னார் குடியிருக்கும் விளை' என்று சொந்தக்காரன் அல்லாதவன் பேரும் அங்கேதான் வரும். சாட்சிக் கையெழுத்தையும் விடாதீர்கள். கைநாட்டு வைத்தவருக்கும் அப்பா பேர் எழுதியிருக்கும். ஆபீஸின் எல்லை பிரிந்திருந்தால் பழைய புத்தகம் தாய் ஆபீஸில் இருக்கலாம். ஊர் கேரள எல்லையோரம் என்றால் அந்தப் பக்கத்து நெய்யாற்றின்கரையிலும் கேட்டுப் பாருங்கள்.

நிலம் ஸ்ரீபண்டாரவகை, அதாவது திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்கு உரியது, என்று வந்தால் அதிர்ஷ்டம். 1964 சட்டத்தில் அவற்றை ரயத்துவாரியாக (அரசுக்கு நேராக வரி கட்டும் பட்டா நிலமாக) மாற்றினார்கள். அப்போது பட்டா கேட்டவர்களின் விசாரணைக் கோப்பில் 'என் தகப்பனார் காலம் முதல் அனுபவம்' என்று தலைமுறை சொல்லியிருக்க வாய்ப்புண்டு.

சேகரம் எழுதியது:

அண்ணாச்சி சொன்னது சரி, ஆனால் வரிசையை மாற்றிச் சொல்வேன். சார்பதிவாளர் ஆபீஸுக்குப் போகும் முன் சர்டிபிகேட்டைப் பிடியுங்கள். அதிலுள்ள அட்மிஷன் நம்பரைக் கொடுத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள். அப்பா அல்லது கார்டியன் பேர், வீட்டுப்பேர், தொழில், முன்பு படித்த பள்ளி, விலகிய தேதி எல்லாம் அதில் இருக்கும். அதே பக்கத்திலும் முன்பின் பக்கங்களிலும் அதே வீட்டுப்பேர் வேறு பிள்ளைகளுக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டாவின் கூடப்பிறந்தவர்கள் இப்படித்தான் மாட்டுவார்கள். பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். சேர்க்கும் அன்றைக்கு வாத்தியார் ஆளைப் பார்த்துப் போட்ட தேதியாக இருக்கலாம்.

சி.எஸ்.ஐ. கிளைக்கு ஞானஸ்நானப் பதிவேடு. எல்.எம்.எஸ். (லண்டன் மிஷனரி சொசைட்டி), 1908-லிருந்து எஸ்.ஐ.யு.சி. (தென்னிந்திய ஐக்கிய சபை), 1947-லிருந்து சி.எஸ்.ஐ. மூன்றும் ஒரே சபையின் காலத்துக்கு ஒரு பேர். இன்று தனிச் சேகரமாக (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள வட்டாரமாக) இருக்கிற சபை அன்று வேறொரு சபையின் கிளையாக இருந்திருக்கும். அதனால் சேகர போதகரிடம் முதல் கேள்வி, 'இந்தச் சபை எப்போது, எதிலிருந்து பிரிந்தது?' பதிவு தாய்ச்சபையில் இருக்கும். பெரியவர்களாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குப் பழைய பேர், புதுப் பேர் ரெண்டும் எழுதியிருந்தால், இந்துக் கிளையையும் கிறிஸ்தவக் கிளையையும் இணைக்கிற ஒரே தாள் அதுவாகவே இருக்கும். பனை சீசனுக்கு வேறு ஊரில் குடில் போட்டிருந்தால் பிள்ளைக்கு அந்த ஊர்ச் சபையில் ஞானஸ்நானம் ஆகியிருக்கலாம். ஒரு பிள்ளை மட்டும் பதிவில் இல்லை என்றால் இதையும் யோசியுங்கள்.

லண்டனில் எல்.எம்.எஸ். ஆவணம் இருக்கிறதே என்று ஓடவேண்டாம். சோவாஸ் நூலகத்தில் இருப்பது பெரும்பாலும் மிஷனரிமாரின் கடிதமும் அறிக்கையும்தான். நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை என்று ஸ்டேஷன்வாரியாக இருக்கும். உபதேசியார் பேர் வரும், பனையேறி பேர் வராது. சென்சஸும் அப்படித்தான். திருவிதாங்கூர் சென்சஸில் எண்ணிக்கை அச்சாகியிருக்கிறது, வீட்டுக்கு வீடு ஆள் பேர் நமக்குக் கிடைக்காது. அமெரிக்காக்காரர்கள் 1950 சென்சஸ் வரைக்கும் வீட்டுவாரியாகப் பேர் பார்ப்பதைக் கண்டு நாமும் தேடினால் நாள்தான் வீணாகும்.

மேலேவிளை எழுதியது:

மலையாளம் தெரிந்த ஒருவரை வைத்துச் சீட்டை வாசித்தாயிற்று. மேடம் (சித்திரை) 1087. பூட்டன் பேர் இருக்கிறது! ரெண்டு சந்தேகம். பூட்டன் பேருக்கு முன்னால் நாலு இடத்தில் 'டி' என்று இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் அந்த இனிஷியலே கிடையாது. இன்னொன்று, 'அனந்தரவன்' என்று ஒருவர் வருகிறார். அவர் பூட்டனின் மகனா?

தண்டப்பேர் எழுதியது:

மேடம் 1087 என்றால் 1912 ஏப்ரல்-மே. 'டி' இனிஷியல் இல்லை. தமிழ்ப் பத்திரத்தில் 'மேற்படி' என்று எழுதுகிறோமே, அதேதான். 'டி' வந்தால் ஆள் முன்னாலேயே ஒருமுறை வந்துவிட்டார் என்று பொருள். அந்த முதல் இடத்தில்தான் அப்பா பேர், வயது, தொழில் எல்லாம் விரிவாக எழுதுவார்கள். வயது போட்டிருந்தால் 1912-லிருந்து கழித்துக்கொள்ளுங்கள், ஆனால் அஞ்சு வருஷம் முன்னேபின்னே விட்டுவையுங்கள்.

அனந்தரவன் மகன் இல்லை. மருமக்கத்தாயக் குடும்பத்தில் சகோதரி வழி வாரிசு. பெரும்பாலும் உங்கள் நிலத்துக்காரர் பக்கத்து ஆளாக இருப்பார். பூட்டன் வரிசையில் அவரைச் சேர்த்துவிடாதீர்கள். நிலத்துக்காரர் பத்திரங்களைத் தேடும்போதும் இது உதவும்: நிலம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போயிருக்காது, அம்மாவனிடமிருந்து (தாய்மாமனிடமிருந்து) சகோதரி மகனுக்குப் போயிருக்கும்.

இதற்கும் முந்தின ஓலை ஏதாவது கிடைத்தால் வட்டெழுத்தோ மலையாண்மையோ இருக்கலாம். அதை மலையாளம் படித்தவரும் வாசிக்க முடியாது, பயிற்சி உள்ளவர் வேண்டும். ஓலையில் எண்ணெய் தேய்ப்பது, மஞ்சள் பூசுவது ஒன்றும் செய்யாமல் அப்படியே போட்டோ எடுத்து வையுங்கள்.

பங்குனி உத்திரம் எழுதியது:

இந்துக் கிளைக்குப் பதிவேடு குறைவு, கோயில் உண்டு. குடும்பக் கோயில் அல்லது சாஸ்தா கோயிலில் வரி யார் யாரிடம் வாங்குகிறார்கள் என்று வரிக்கணக்கு நோட்டைக் கேளுங்கள். வரிக்காரர் பட்டியலில் வருகிறவர்கள் உங்கள் பங்காளிகள். இன்று யாரும் பேச்சுவார்த்தை இல்லாத வீடுகூட வரிப்பட்டியலில் இருக்கும். நோட்டு பழசாகக் கிடைக்காவிட்டாலும் கிளை எத்தனை என்பது தெரிந்துவிடும்.

வயசானவர்களிடம் 'எந்த வருஷம்' என்று கேட்டால் பதில் வராது. பேச்சிப்பாறை அணை கட்டி முடித்தபோது (1906) பிறந்தாச்சா? கோயில் பிரவேசத்துக்கு (1936 நவம்பர்) முன்னாலே கல்யாணமா, பின்னாலேயா? மார்த்தாண்டம் துப்பாக்கிச்சூட்டின்போது (1954 ஆகஸ்ட் 11) கைப்பிள்ளை யார்? இப்படிக் கேளுங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள், யார் யாருக்குப் பெண் கொடுத்தது என்பது அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். ஆம்பிளைகள் அப்பன் வழியோடு நின்றுவிடுவார்கள்.

ஒரு பொறி இருக்கிறது. பேரன் என்ற சொல்லே பாட்டன் பேரைச் சுமப்பதால் வந்தது. மூத்தவனுக்குத் தாத்தா பேர் வைத்து வைத்து ஒரே ரெண்டு பேர் மாறி மாறி வரும். 'அ மகன் ஆ', 'ஆ மகன் அ' என்று ரெண்டு தாள் கிடைத்தால் நாலு தலைமுறையை ரெண்டாகச் சுருக்கிவிடுவோம், இல்லையென்றால் ஒரே ஆளை ரெண்டாக்கிவிடுவோம். அப்பனுக்கும் மகனுக்கும் இடையில் பதினெட்டுக்குக் குறைவாகவோ அறுபதுக்கு மேலாகவோ வந்தால் எங்கேயோ ஒரு ஆள் கூடியிருக்கிறார் அல்லது விடுபட்டிருக்கிறார்.

லயத்துக்காரன் எழுதியது:

சிலோன் பகுதி மட்டும். முதலில் வேண்டியது தோட்டத்தின் பேர், அதுவும் இங்கிலீஷ் பேர். தொழிலாளிகள் வழங்கின தமிழ்ப் பேர் வேறு, பதிவில் உள்ள பேர் வேறு. வீட்டில் தமிழ்ப் பேர் மட்டும் சொன்னால் பழைய தோட்ட டைரக்டரிகளில் ரெண்டையும் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள், அதைவைத்து மாற்றிக்கொள்ளலாம். அதோடு தோட்டத்தின் பிரிவும் கங்காணி (ஆள் சேர்த்துக் கூட்டிப்போனவர்) பேரும் வேண்டும். கங்காணி தன் ஊர்ச் சுற்றுவட்டாரத்து ஆட்களைத்தான் கூட்டிப்போவார், அதனால் கங்காணியின் ஊர் தெரிந்தால் உங்கள் ஆள் எந்த ஊரிலிருந்து போனார் என்பதும் ஏறக்குறையத் தெரியும்.

தோட்டத்தில் பிறப்பும் இறப்பும் துரை (தோட்ட மேலாளர்) மூலமாக மாவட்டப் பதிவாளருக்குப் போனது. இலங்கைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் மாவட்டம், தோட்டம், உத்தேச வருஷம் கொடுத்துத் தேடல் விண்ணப்பம் போடலாம். செக்ரோல் (தொழிலாளிகளின் பேர், சம்பளப் பதிவேடு) தோட்ட ஆபீஸில் தப்பியிருந்தால் உண்டு.

அவர் பிள்ளைகள் 1950-களில் அங்கேயே இருந்தால் ரெண்டு தாளைக் கேளுங்கள். 1949 சட்டத்தின்கீழ் இலங்கைக் குடியுரிமைக்குப் போட்ட மனுவின் நகல், அதற்குக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. அல்லது 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா திரும்பியவர்களின் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும். அதில் இந்தியாவில் சொந்த ஊர் எழுதும் இடம் இருக்கும். எழுத்துக்கூட்டல் கண்டபடி இருக்கும், விளவங்கோடு எத்தனை விதமாகத் திரியுமோ அத்தனையும் தேடுங்கள். திரும்பியவர்களில் ஒரு பகுதி நம்ம மாவட்டத்திலேயே அரசு ரப்பர் தோட்டங்களில் குடியேறினார்கள். உங்கள் பங்காளி கீரிப்பாறைப் பக்கமே இருக்கலாம்.

சேகரம் எழுதியது:

ஒன்று விட்டுப்போச்சு. தகவல் உரிமை மனு போடுவதானால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும், முப்பது நாளில் பதில் தரணும். ஆனால் 'எங்கள் பூட்டன் பற்றிய விவரம் தருக' என்று எழுதினால் 'ஆவணம் இல்லை' என்றே வரும். 'இன்ன பகுதி, இன்ன பழைய சர்வே நம்பர், செட்டில்மென்ட் பதிவேட்டின் அந்தப் பக்கத்தின் நகல்' என்று கேளுங்கள். அதற்கு முன்னால் அந்த மேடம் 1087 சீட்டின் முதல் வரியில் உள்ள விளைப்பேரை இங்கே போடுங்கள், எந்தப் பகுதி என்று பார்த்துச் சொல்லலாம்.