கால் பங்கு அளவு பைப்பர் கப் மாதிரி விமானம்: 55 சிசி எஞ்சின் போடலாமா? எந்த சர்வோ?

ஈசூன்_இறக்கை
எல்லாருக்கும் வணக்கம். ரிமோட்டில் பறக்கும் பெரிய பைப்பர் கப் மாதிரி விமானம் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. மரச்சட்டம், துணியெல்லாம் ஒட்டி முடிந்தது. எஞ்சின் மட்டும் இல்லை. டிஎல்இ 55 என்ற 55 சிசி பெட்ரோல் எஞ்சின் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது, விற்பவர் இன்று இரவுக்குள் பதில் கேட்கிறார். வாங்கலாமா? சுக்கான்களைத் திருப்பும் சர்வோ மோட்டார் 25 கிலோ திருப்புவிசையில் போதுமா? கொஞ்சம் அவசரம்.

பால்சா_மணி
இறக்கை எத்தனை அங்குலம்? இப்போது என்ன எடை? எங்கே பறக்கவிடப் போகிறீர்கள்? சர்வோ வாலில் உட்காருகிறதா, கேபினிலா? இதெல்லாம் சொன்னால்தான் யாராலும் பதில் சொல்ல முடியும்.

ஜூரோங்_பட்டறை
வாங்கிப் போடுங்கள் அண்ணே. கப்புக்கு மூக்கு குட்டை. சின்ன எஞ்சின் மாட்டினால் முன்னால் ஈயக்கட்டி வைத்துத்தான் சமன் செய்ய வேண்டும். சும்மா கிடக்கும் ஈயத்தைச் சுமப்பதைவிட அந்த எடையும் எஞ்சினாகவே இருக்கட்டும். 22-8 புரொப்பெல்லர் மாட்டி, த்ராட்டிலைக் குறைத்து ஓட்டினால் போதும்.

மூத்த_விமானி
தம்பி, இங்கே பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. அசல் ஜே-3 கப் விமானத்துக்கு இறக்கை 35 அடி 3 அங்குலம், எஞ்சின் பெரும்பாலும் 65 குதிரைத்திறன். மெதுவாகப் போவதற்கென்றே பிறந்த விமானம். கால் பங்கு அளவில் 106 அங்குலம் வரும், அதற்கு 30 சிசி தாராளம். 25 கிலோ சர்வோ கேட்கும்போதே தெரிகிறது, குட்டிக்கரணம் அடிக்கும் விமானங்களின் வீடியோவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். கப்பின் எய்லரானுக்கு (இறக்கையின் ஓர மடிப்பு) 8 கிலோ, வாலிலுள்ள எலிவேட்டருக்கும் (ஏற்ற இறக்கத்துக்கு) ரட்டருக்கும் (இட வலத்துக்கு) 10 கிலோ போதும். மிச்சக் காசை சர்வோவை அவற்றோடு இணைக்கும் உலோக ஆர்ம், பால் லிங்க், 3 மி.மீ. தண்டு ஆகியவற்றில் போடுங்கள். சர்வோ எவ்வளவு பலமாக இருந்தாலும் தண்டின் முனையை மாட்டும் பிளாஸ்டிக் கிளெவிஸ் விட்டுக்கொடுத்தால் கதை முடிந்தது.

பால்சா_மணி
மூத்தவரே, அவர் புதியவராக இருக்கலாம், கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுவோம். ஆனால் 30 சிசி என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். எனக்குக் காரணம் வேறு. நம் சிங்கப்பூரில் 7 கிலோவைத் தாண்டினால் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுவதற்கும் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் உரிமமும் அனுமதிகளும் வேண்டும். 1.5 கிலோவுக்கு மேல் 7 கிலோ வரை என்றால் அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ் போதும். 250 கிராமுக்கு மேல் போனாலே பதிவு கட்டாயம். டிஎல்இ 55 மஃப்ளர், இக்னிஷனோடு (தீப்பொறி தரும் கருவி) 1.6 கிலோ பக்கம் வரும். 30 என்றால் 1.1 கிலோ பக்கம். அந்த அரை கிலோதான் உங்களை எந்தப் பக்கம் நிறுத்துகிறது என்று பாருங்கள். அதனால்தான் எடையைக் கேட்டேன்.

ஜூரோங்_பட்டறை
அப்புறம் அந்த ஈயம்? அதுவும் அரை கிலோ ஆகுமே!

பால்சா_மணி
ஈயம் இல்லாமலே செய்யலாம். எலிவேட்டர், ரட்டர் சர்வோக்களை வாலிலிருந்து எடுத்து கேபினுக்குக் கொண்டு வாருங்கள். ரட்டருக்கு இரண்டு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டுங்கள். இக்னிஷன் பேட்டரியையும், ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரின் பேட்டரியையும் எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள், ஆனால் இரண்டும் தனித்தனி பேட்டரியாகவே இருக்கட்டும். வாலில் எடுக்கும் ஒவ்வொரு கிராமும் மூக்கில் பல கிராம் வைப்பதற்குச் சமம். சமநிலைப் புள்ளி இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 10 முதல் 12 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும், இந்த அளவில் இறக்கையின் அகலம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர்.

மின்கலம்_88
நான் ஒன்று கேட்கிறேன், பெட்ரோலே எதற்கு? மின்மோட்டார் போட்டால் மூக்கில் வைக்கும் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியே சமன் செய்துவிடும். அதிர்வு இல்லை, சத்தமும் இல்லை. வீவக வீட்டில் பெட்ரோல் வாடையோடு விமானத்தை வைத்தால் வீட்டில் யார் ஒத்துக்கொள்வார்கள்? கார் இல்லாதவர்களுக்கு இன்னும் சிரமம். எம்ஆர்டியில் தீப்பற்றும் திரவம் கொண்டுபோனால் 5,000 வெள்ளி வரை அபராதம்.

ஜூரோங்_பட்டறை
106 அங்குல விமானத்தை எம்ஆர்டியில் யார் கொண்டு போகிறார்கள்? அரை லிட்டர் பெட்ரோலில் அரை மணி நேரம் நிம்மதியாகப் பறக்கலாம். வீட்டுக்குள் பெரிய லைப்போவை சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவதுதான் எனக்குப் பயம்.

மின்கலம்_88
சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கு என்று யார் சொன்னது? பக்கத்திலேயே இருந்து போட வேண்டும். பெட்ரோலையும் வீட்டில் யாரும் கவனிக்காமல் வைக்கக் கூடாது, அது மட்டும் பரவாயில்லையா?

மூத்த_விமானி
இந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது. கேட்டவர் எங்கே?

ஈசூன்_இறக்கை
வேலையில் இருந்தேன், மன்னிக்கவும். 106 அங்குலம்தான். எஞ்சினும் சர்வோவும் இல்லாமல் 4.3 கிலோ. வாலில் சர்வோவுக்கு இடம் வெட்டியிருக்கிறது, ஆனால் கேபினுக்கு மாற்ற முடியும். 55 வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இறக்கைத் தாங்குத்தண்டு அழகுக்குத்தானா, கழற்றிவிட்டும் பறக்கலாமா?

பால்சா_மணி
கழற்றவே கழற்றாதீர்கள்! இந்த அளவுக் கப்பில் பெரும்பாலும் சுமையைத் தாங்குவதே அந்தத் தண்டுதான். இரு முனையிலும் எஃகு போல்ட்டும் பூட்டு நட்டும் போடுங்கள்.

30 சிசி, 5 சர்வோ, பேட்டரிகள், புரொப்பெல்லர், 350 மில்லி பெட்ரோலோடு தொட்டி, எல்லாம் கூட்டினால் 6.6 கிலோ பக்கம் வரும். எஞ்சின் மூடியும் பெயின்ட்டும் பாக்கி இருந்தால் அதையும் சேர்த்து, தொட்டியை நிரப்பியே எடை போடுங்கள்.

மூத்த_விமானி
புரொப்பெல்லர் 18-8 அல்லது 19-8 போடுங்கள். பெட்ரோல் 30 பங்குக்கு எண்ணெய் 1 பங்கு கலக்குங்கள். குளோ எரிபொருளுக்கான சிலிக்கான் குழாயைப் பெட்ரோலுக்குப் போடாதீர்கள், ஊறி இளகிவிடும். பெட்ரோலைத் தாங்கும் டைகான் குழாயும், தொட்டியின் வாயை அடைக்கும் பெட்ரோல் ஸ்டாப்பரும் வாங்குங்கள். எஞ்சின் மூடியில் காற்று நுழையும் வாயைவிட வெளியேறும் வழி இரண்டு மடங்காவது பெரிதாக இருக்கட்டும், நம் வெயிலுக்கு அதைக் குறைக்காதீர்கள். த்ராட்டில் தண்டு உலோகமாக வேண்டாம். ரிமோட்டிலிருந்தே இக்னிஷனை அணைக்கும் சுவிட்ச் கட்டாயம் வேண்டும்.

ஜூரோங்_பட்டறை
அந்த 55 இன்னும் விற்கவில்லை என்றால் விற்பவரிடம் என்னைச் சொல்லுங்கள் அண்ணே, எனக்கு வேண்டும்.

மின்கலம்_88
செம்பவாங் விமானத் தளம் உங்கள் வீட்டுக்குப் பக்கம். 5 கிலோமீட்டருக்குள் பறக்கவிட எடை எதுவானாலும் தனி அனுமதி வேண்டும். எந்த இடத்தில் பறக்கவிடுவீர்கள் என்று இன்னும் சொல்லவில்லையே?

ஈசூன்_இறக்கை
30 சிசிக்குச் சொல்லிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.