நாலரை வயது மகளின் ஜெபம்: எவ்வளவு இடம் கொடுக்கலாம்?

மஞ்சக்குப்பம் அம்மா, கடலூர்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நாங்கள் மாமியாருடன் ஒரே வீட்டில் வசிக்கும் லுத்தரன் சபைக் குடும்பத்தினர். மகளுக்கு நாலரை வயது. சில மாதங்களாக எதற்கெடுத்தாலும் “நானே” என்கிறாள். சட்டைப் பொத்தானை, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் போடுவாள். வாசலில் வேன் வந்து நிற்கும். மாமியார் பொறுக்கமாட்டாமல் தாமே மாட்டிவிடுவார். இவள் அழுதுகொண்டே ஏறுவாள். அரைமணி நேரம் முன்னதாக எழுப்பி அதைச் சமாளித்துக்கொள்கிறேன்.

என் கேள்வி குடும்ப ஜெபத்தைப் பற்றியது. இதுவரை மாமியார் சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொல்லிவந்தாள். போன வாரம் தானே ஜெபிப்பதாகக் கூறி, “இயேசப்பா, கொல்லையில குட்டி போட்ட பூனைக்குப் பால் குடுங்க, ஆமென்” என்று முடித்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து, “இன்னைக்கு நான் பேசமாட்டேன்” என்று பாயில் படுத்துக்கொண்டாள். மாமியார் மனம் நொந்துபோனார். தம் பிள்ளைகள் ஆறு வயதுக்குள் இருபத்துமூன்றாம் சங்கீதத்தைப் பிழையின்றிச் சொன்னதாகவும், நான் இடம் கொடுத்துக் கெடுப்பதாகவும் வருந்துகிறார். கைவேலையில் கொடுக்கும் சுதந்திரத்தை விசுவாசத்திலும் கொடுக்கலாமா?

ஞாயிறு பள்ளி ஆசிரியை, கடலூர் முதுநகர்

சகோதரி, பூனைக்காகச் செய்த அந்த ஜெபத்தைக் குறையாக எண்ணாதீர்கள். அவள் முதன்முறையாகத் தன் மனத்திலிருந்ததைத் தன் சொல்லால் ஆண்டவரிடம் சொல்லியிருக்கிறாள்.

வேதாகமத்தில் வரும் சிறுவன் சாமுவேலின் கதையைப் பல ஆண்டுகள் கற்பித்திருந்தும், அதில் ஏலி செய்தது எனக்கு மிகவும் பிந்தித்தான் புரிந்தது. இரவில் யாரோ கூப்பிடும் குரல் கேட்டு, ஏலிதான் அழைக்கிறார் என்று எண்ணி, பிள்ளை மூன்று முறை எழுந்து அவரிடம் ஓடிவருகிறான். கூப்பிடுகிறவர் கர்த்தர் என்று மூன்றாம் முறை ஏலிக்குத் தெரிந்துவிடுகிறது. அவர் ஆசாரியர், பிள்ளைக்குப் பதிலாகத் தாமே எழுந்து போயிருக்கலாம், அல்லது அவனருகில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கலாம். ஆனால் அவர், “கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்” என்ற ஒரே வரியை அவன் கையில் கொடுத்து, போய்ப் படுத்துக்கொள் என்று அனுப்பிவிடுகிறார். வரி பெரியவருடையது, இருட்டில் தனியே படுத்திருந்து அதைச் சொன்னவன் பிள்ளை. உங்கள் கேள்விக்கான விடை இதற்குள் இருப்பதாகவே நான் நம்புகிறேன்.

1907-இல் ரோமில் ஏழைக் குழந்தைகளுக்காக முதல் பள்ளியைத் திறந்து, 1939-இல் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையார் பக்தியுள்ள கத்தோலிக்கர். பொத்தான் மாட்டுவதையும் தண்ணீர் ஊற்றுவதையும் பாடமாக்கிய அவர், வழிபாட்டையும் குழந்தையின் கைக்கு எட்டும்படி வைக்க வேண்டும் என்று விரும்பினார். அந்த வழியில் 1954-இல் சோஃபியா கவல்லெட்டியும் ஜன்னா கொப்பியும் ரோமில் தொடங்கிய மறைக்கல்வியில், சின்னஞ்சிறு விதை பறவைகள் வந்து தங்கும் மரமாவதைச் சொல்லும் இயேசுவின் கடுகுவிதை உவமையைச் சொல்லும்போது குழந்தையின் விரல் நுனியில் உண்மையான விதையையே வைப்பார்கள்.

நானும் அஞ்சறைப்பெட்டியிலிருந்து கடுகு எடுத்துச் சென்று அப்படிச் செய்தேன். ஒரு சிறுவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சு விட்டால் பறந்துவிடும் என்று பயம். பிறகு அதைத் தயிர் டப்பாவில் விதைத்து, முளைத்ததும் கொண்டுவந்து காட்டி, “இதுல குருவி உட்காராதே டீச்சர்?” என்றான். நம் ஊர்க் கடுகு மரமாகாது, இயேசு சொன்னது அவர் நாட்டுச் செடியாக இருக்கலாம் என்று உள்ளபடி சொன்னேன். அந்தக் கேள்வியை அடக்கியிருந்தால் அவன் உவமையையே மறந்திருப்பான்.

அவள் பேசமாட்டேன் என்ற இரவில் கட்டாயப்படுத்த வேண்டாம். எல்லோருடனும் பாயில் இருந்தால் போதும். ஆனால் ஜெப வேளைக்கென்று அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். பாய் விரிப்பதும் பாமாலைப் புத்தகங்களை எடுத்துவந்து வைப்பதும் அவள் பொறுப்பாகட்டும். கோணலாக விரித்தால் நேராக்காதீர்கள்.

நெல்லித்தோப்பு தந்தை, புதுச்சேரி

நாங்கள் கத்தோலிக்கர், எங்கள் வீட்டிலும் இதே கதைதான். மகன் இடக்கையால் சிலுவை அடையாளம் போடும்போதெல்லாம் அவன் ஆயா மணிக்கட்டைப் பிடித்து வலக்கையை மாற்றிவைப்பார். நாளடைவில் அவன் தானாகக் கையைத் தூக்குவதையே விட்டுவிட்டு, யாராவது தூக்கிவிடட்டும் என்று நின்றான். பிறகு நாங்கள் அவன் எதிரில் நின்று, மெதுவாக எங்கள் நெற்றியைத் தொட்டுக் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டோம். ஒரு மாதத்துக்குள் சரியாகிவிட்டது.

2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, மின்சாரமும் இல்லாமல் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, “சாமி ஏன் மழையை நிறுத்தல?” என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை, அவரிடமே கேட்போம் என்றேன். பதில் தெரிந்தவன்போல் நடித்திருந்தால் அவன் என்னைக் கண்டுபிடித்திருப்பான். மறுநாள் எதிர்வீட்டுப் பாட்டிக்கு ரொட்டிப் பொட்டலத்தை முழங்காலளவு தண்ணீரில் நான் பிடித்துக்கொள்ள அவனே சுமந்து சென்றான். அவன் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் புதுநன்மைக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது; ஆனால் அன்று அவன் முகத்தைப் பார்த்தபோது, பகிர்வது என்னவென்று அவனுக்குத் தெரிந்துவிட்டதாகத் தோன்றியது.

ரெட்டியார்பாளையம் பாட்டி

மாமியார் பக்கமும் ஒரு வார்த்தை. மனப்பாடத்தை இளக்காரமாக எண்ண வேண்டாம். என் கணவர் கடைசி நாட்களில் எங்கள் பெயர்களையே மறந்திருந்தபோதும், சிறுவயதில் படித்த சங்கீதத்தை உதடசைத்துச் சொன்னார். தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் அவன் பாட்டி லோவிசாளிடம் இருந்தது என்றுதான் பவுலும் எழுதுகிறார். பேத்தியிடம் ஒப்பிக்கச் சொல்லாமல், அவள் தூங்கும் நேரத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு அந்தச் சங்கீதத்தைத் தினமும் சொல்லச் சொல்லுங்கள். அது தானாக ஏறிவிடும்.

மஞ்சக்குப்பம் அம்மா, கடலூர்

எல்லோருக்கும் நன்றி. ஏலியைப் பற்றிய பகுதியை நேற்று மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எதுவும் சொல்லவில்லை. இரவு அவள் பாயைக் கோணலாக விரித்தபோது, மாமியார் அதன் மடங்கிய ஓரத்தின்மேலேயே உட்கார்ந்துகொண்டு, “பூனைக்குட்டி எத்தனைடி?” என்று கேட்டார். மூன்று என்றாள். மூன்றுக்கும் தனித்தனியாக ஜெபம் நடந்தது.