ரிமோட் ஐஓ கேபிள் கழன்றதும் ஸ்டீம் வால்வு திறந்தபடியே நின்றுவிட்டது: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். சாயப்பட்டறையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். மெஷினை ஓட்டும் கன்ட்ரோலர் சீமென்ஸ் எஸ்7-1200 பிஎல்சி, மெஷின் பக்கத்தில் சென்சார், வால்வு வயர்கள் வந்து சேரும் இடி 200எஸ்பி ரிமோட் ஐஓ. நேற்று இரவு இரண்டையும் இணைக்கும் புரோஃபிநெட் நெட்வொர்க் கேபிள் கழன்றுவிட்டது. ஸ்டீம் வால்வு அப்போது 70 சதவீதம் திறந்திருந்தது, அப்படியே நின்றுவிட்டது. திரையில் வெப்பநிலை 0. மெஷினில் உள்ள டயல் மீட்டரில் 60-இல் நிற்க வேண்டிய முள் 82-இல் இருந்தது. ஆபரேட்டர் ஓடிப்போய்க் கை வால்வை மூடினார்.

வால்வுக்கு சிக்னல் அனுப்பும் அனலாக் அவுட்புட் கார்டில், சிபியு (பிஎல்சியின் மூளை) ஸ்டாப் ஆனால் 'கடைசி மதிப்பை வைத்திரு' என்று செட்டிங் இருக்கிறது. ஆனால் சிபியு ரன்னில்தான் இருந்தது. அப்புறம் எப்படி?

பதில்:
அந்த செட்டிங்தான் காரணம் தம்பி. பெயரைப் பார்த்துப் பலரும் இங்கே ஏமாறுகிறார்கள். சிபியு நின்றாலும் கேபிள் கழன்றாலும் கார்டு அதே செட்டிங்படிதான் நடக்கும். அதை 'ஆஃப்' ஆக்குங்கள், வால்வுக்குப் போகும் சிக்னல் 0 எம்ஏ (மில்லி ஆம்பியர்) ஆகிவிடும்.

அதற்கு முன் வால்வைப் பாருங்கள். காற்று போனால் ஸ்பிரிங் மூடுகிறதா? கார்டுக்கு 24 வோல்ட் போய்விட்டால் எந்த செட்டிங்கும் உதவாது, ஸ்பிரிங் மட்டும்தான். பொசிஷனர் (சிக்னலுக்கு ஏற்ப வால்வை நகர்த்தும் கருவி) தலைகீழாக அமைந்திருந்தால் 0 எம்ஏ-வில் வால்வு திறக்கவும் கூடும். மெஷின் காலியாக இருக்கும்போது, கை வால்வை மூடிவிட்டு, கேபிளை நிஜமாகவே கழற்றிப் பாருங்கள்.

கேட்டவர்:
நன்றி சார். ஸ்பிரிங் மூடுகிற வகைதான், 4 எம்ஏ-வில் மூடும். செட்டிங்கை மாற்றிக் கழற்றினேன், உடனே மூடியது. ஆனால் கேபிளைத் திரும்பச் செருகியதும் ஒரேயடியாக முழுக்கத் திறந்துவிட்டது!

பதில்:
ஸ்டேஷன், அதாவது ரிமோட் ஐஓ, இணைப்பு போனதும் வெப்பநிலை இன்புட் 0 ஆகிவிடும். தண்ணீர் குளிர்ந்துவிட்டது என்று நினைத்து பிஐடி (வெப்பநிலையைப் பார்த்து வால்வைக் கூட்டிக் குறைக்கும் புரோகிராம்) 100 சதவீதம் வரை ஏறி உட்கார்ந்திருக்கும். இணைப்பு போனதுமே பிஐடியை மேனுவலுக்கு மாற்றி அவுட்புட்டை 0 ஆக்குங்கள். ஸ்டேஷன் துண்டானால் பிஎல்சி தானாக ஓட்டும் ஓபி86 என்ற புரோகிராம் பகுதியில் இதைப் பிடிக்கலாம், ஆனால் ஸ்டேஷன் திரும்பும்போதும் அது ஓடும், பிரித்துப் பாருங்கள். ஆபரேட்டர் ரீசெட் அழுத்திய பிறகே ஆட்டோவுக்குப் போகட்டும்.

இன்னொருவர்:
இதோடு விட்டுவிடாதீர்கள். பிஎல்சியைச் சாராமல் தனியாக ஒரு ஹை டெம்பரேச்சர் தெர்மோஸ்டாட் வைத்து, வால்வுக்குப் போகும் காற்றை ஒரு சோலனாய்டு மூலம் துண்டியுங்கள். பக்கத்தில் ஆள் நிற்கிற மெஷின் அது.

கேட்டவர்:
ரீசெட் லாஜிக் எழுதி மூன்று முறை கழற்றிச் செருகிப் பார்த்தேன், வால்வு மூடியே இருக்கிறது. தெர்மோஸ்டாட் வாங்க இன்டென்ட் போட்டாச்சு. இன்னும் இரண்டு மெஷினில் இதே செட்டிங் இருக்கிறது, இன்றைக்கே மாற்றுகிறேன்.