கூத்துக் கழகத்துக்கு நிதி எடுக்கிற வழி தெரிஞ்சாக்கள் சொல்லுங்க

வணக்கம். நாங்க மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலைப் பக்கம் சின்னக் கூத்துக் கழகம். வடமோடிக் கூத்து ஒண்டு பழகி சதங்கை அணி விழாவும் முடிஞ்சுது, இனி அரங்கேற்றம்தான், ஆனா காசில்ல. கம்பு வளைச்சுக் கட்டின கூத்துடுப்பு, கரப்புடுப்பெல்லாம் எலி அரிச்சு கம்பு மட்டும் மிச்சம், மத்தளத்துக்கும் தோல் மாத்தணும். ஊராக்கள் வெள்ளாமை வெட்டினா நெல்லு தருவாங்க, அது கூத்தாடுற களரி போடவும் சாப்பாட்டுக்கும்தான் காணும்.

பிரதேச செயலகத்தில பதிஞ்சிருக்கம், கழகப் பேர்ல பேங்க் அக்கவுண்டும் இருக்கு. ஒரு நிறுவனத்துக்கு எழுதினம், மறுகா அவங்க கணக்காய்வு அறிக்கை கேக்கிறாங்க, எங்களிட்ட கொப்பியில எழுதின வரவு செலவுதான், இத ஆருட்டக் குடுத்து குறைஞ்ச செலவில செய்யலாம்?

கூத்துப் பழக்கிற அண்ணாவியாரும் ஆடுற பொடியனுகளும் சும்மாதான் உழைக்கிறாங்க, அத எங்கட பங்களிப்பு எண்டு பட்ஜெட்டில காசாக் காட்டலாமாம், எப்பிடிக் கணக்குப் போடுற? அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயத்திட டிரெக்ட் எய்ட் புரோகிராம் எண்ட நிதியுதவித் திட்டத்துக்கு ஆராவது போட்டிருக்கீங்களா, கூத்துக்கும் குடுப்பாங்களா?

வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்கள்ட்டக் கேளுங்க எண்டு மட்டும் சொல்லாதீங்க, கேட்டாச்சு. பழைய புரோபோசல் ஒண்டு இருந்தா இன்பொக்ஸில போட்டுவிடுங்க.