லுவா: சிஸ்டம் பொதியா, ஆளுக்கொரு நகலா?

மூலவன்:
டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், மற்ற மென்பொருள்களுக்குள் வைத்து ஓட்டும் சிறிய நிரல்மொழியான லுவாவுக்கு 5.1 முதல் 5.4 வரை நான்கு பொதிகள் (நிறுவத் தயாரான மென்பொருள் கட்டுகள்) அருகருகே கிடக்கின்றன. எதற்கு? மொத்த மொழியே சில நூறு கிலோபைட்தான், வேண்டியவர் தன் மென்பொருளுக்குள் ஒரு நகலை வைத்துக்கொள்ளட்டும். லுவாவை எழுதும் ரியோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தினரின் மேக்ஃபைல்கூட (மூலத்தைக் கட்டும் குறிப்புக் கோப்பு) ஸ்டாட்டிக் லைப்ரரியைத்தான் (மென்பொருளுக்குள்ளேயே சேர்ந்துவிடும் நூலகம்) கட்டித் தருகிறது; ஷேர்டு லைப்ரரி (பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஒரே நகல்) என்பது பொதி செய்பவர்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்ட வேலை.

பொதிக்காரர்:
நான்கையும் யாரும் ஆசைப்பட்டு வைத்திருக்கவில்லை. 5.1-க்கு எழுதிய நிரல் 5.2-ல் செட்எஃப்என்வி (நிரல் பார்க்கும் மாறிகளின் சூழலை மாற்றும் கட்டளை) இல்லாமல் விழுந்துவிடும். 5.3-ல் முழு எண் தனி வகையானதால் 10/2 என்று போட்டால் 5 வராது, 5.0 என்று அச்சாகும்; அதை அப்படியே கோப்புப் பெயரில் ஒட்டுகிற ஸ்கிரிப்ட்டின் கதி என்ன? 5.1-ன் கடைசி வெளியீடு 2012-ல் வந்தது, ஆனால் லுவாவை வேகமாக ஓட்டும் லுவாஜிட் இன்னமும் அதைத்தான் ஒட்டி நிற்கிறது, தூக்கவே முடியாது. சிஸ்டம் பொதியில் பாதுகாப்பு ஓட்டை வந்தால் ஓரிடத்தில் அடைத்தால் போதும். ஆளுக்கொரு நகல் என்றால் எங்கெங்கே இருக்கிறது என்று யார் தேடுவது?

மூலவன்:
ஓரிடத்தில் அடைப்பதா? சிவிஇ-2022-0543 என்று பதிவான பாதுகாப்பு ஓட்டை என்ன ஆனது? ரெடிஸ் என்ற தரவுத்தளம் தனக்குள் வைத்திருந்த லுவாவை எடுத்துவிட்டு டெபியன் தன் ஷேர்டு லைப்ரரியை இணைத்தது. அதனால் வெளி நூலகங்களை ஏற்ற உதவும் 'பேக்கேஜ்' என்ற மாறி ஸ்கிரிப்ட்டுக்குத் தெரிய ஆரம்பித்து, அதிலுள்ள லோட்லிப் வழியாக, கோப்புகளையும் கட்டளைகளையும் கையாளும் ஐஓ நூலகத்தை ஏற்றி சர்வரில் எந்தக் கட்டளையையும் ஓட்ட முடிந்தது. ரெடிஸ்காரர்கள் வெளியிட்ட மூலத்தில் அந்த ஓட்டை இல்லை, டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும்தான்.

பொதிக்காரர்:
அது பொதி செய்தவர்களின் தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் 2018-ல் ரெடிஸ் உள்ளேயே வைத்திருந்த சிஎம்எஸ்ஜிபேக், ஸ்ட்ரக்ட் என்ற லுவா நூலகங்கள் இரண்டிலும் நினைவகப் பிழைகள் வந்தனவே? உள்ளே வைத்தால் பத்திரம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

இரவுப்பணி:
நீங்கள் இருவரும் பேசாத தொல்லை ஒன்று இருக்கிறது. லுவாவை ஓட்டும் கட்டளை டெபியனில் லுவா5.3, ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் லுவா53. 5.1-ஓடு வந்துகொண்டிருந்த, லைப்ரரி எங்கே இருக்கிறது என்று சொல்லும் பேக்கேஜ்-கான்ஃபிக் கோப்பையும் 5.2-இலிருந்து நிறுத்திவிட்டார்கள், அதனால் மென்பொருளைக் கட்டுமுன் ஓடும் ஒவ்வொரு கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்டும் நாலைந்து பெயரை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பார்க்கிறது. இதற்குப் பயந்துதான் பலர் நகலை உள்ளே போடுகிறார்கள். பொதி செய்பவர்கள் முதலில் ஒரே பெயரில் உடன்படட்டும்.

பொதிக்காரர்:
பெயர் விஷயத்தில் உங்கள் பக்கம்தான். அதற்காக ஷேர்டு லைப்ரரியை விட முடியாது.