மறு: 'சோசியல் டிடக்சன் கேம்' - 'கரவாட்டம்' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

'சோசியல் டிடக்சன் கேம்' என்கிறார்களே, ஆளுக்குள் ஆளாக ஒளிந்திருக்கும் எதிரியைப் பேசிப் பேசிக் கண்டுபிடிக்கும் ஆட்ட வகை, அதற்குத் தமிழில் பெயர் தேடும் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன், பதில் போடவில்லை. காரணம் வெட்கம்தான். போன மாதம் நாம் பதினொரு பேர் எழுத்திலேயே ஆடிய மாஃபியாவில் ஊர் தோற்றதற்குப் பெரிய காரணம் நான் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். (ஆடாதவர்களுக்கு: ஊருக்குள் சில எதிரிகள் ஒளிந்திருப்பார்கள். இரவில் அவர்கள் ஒருவரைக் கொல்வார்கள், பகலில் எல்லாரும் பேசி ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியேற்றுவார்கள். எதிரிகள் எல்லாரும் போனால் ஊர் வெல்லும்.) 'தோற்றவன் பெயர் வைக்க வருகிறான் பார்' என்று யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த ஆட்டத்தின் பதிவை முதலிலிருந்து மறுபடி படித்தபோது, நாம் இங்கே தேடிக்கொண்டிருக்கும் சொற்களில் பாதி அதிலேயே கிடப்பது தெரிந்தது.

> 'சமூக உய்த்தறி ஆட்டம்' என்பதே மூலத்துக்கு நெருக்கமானது. அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, நெருக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் 'சமூக' என்ற சொல்லைத் தமிழில் நாம் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று பாருங்கள். சமூக நீதி, சமூக ஆர்வலர், சமூக அறிவியல். 'சமூக உய்த்தறி ஆட்டம்' என்றால் யாரோ கணக்கெடுப்புப் படிவத்தோடு வீட்டு வாசலில் நிற்பது போல இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் இங்கே சுட்டுவது 'ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகி' என்ற அளவில்தான். அதற்கு நம் 'சமூகம்' ரொம்பப் பெரிய சட்டை.

'உய்த்தறி' பற்றி எனக்கு இன்னும் பெரிய தகராறு இருக்கிறது. உய்த்தறிவது மட்டும்தான் இந்த வகையின் அடையாளம் என்றால் க்ளூடோவையும் இதில் சேர்க்க வேண்டியிருக்கும். 1949-இல் வந்த ஆட்டம். கொலை செய்தவர் யார், எந்த அறையில், எந்தக் கருவியால் என்று சீட்டுகளை வைத்துக் கழித்துக் கழித்துக் கண்டுபிடிக்க வேண்டும். சுத்தமான உய்த்தறிதல். ஆனால் அதில் ஒரு வேடிக்கை உண்டு. விடைச் சீட்டுகள் மூன்றும் ஓர் உறைக்குள் கிடக்கும். கொலைகாரப் பாத்திரத்தை வைத்து ஆடுகிறவருக்கே தான்தான் கொலைகாரன் என்று தெரியாது! அவரும் மற்றவர்களோடு சேர்ந்து தன்னையே தேடிக்கொண்டிருப்பார். யாரும் யாரையும் ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

மாஃபியா அப்படியா? 1986-இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் மாணவராக இருந்த திமித்ரி டேவிடாஃப் இதை உருவாக்கியபோது எடுத்துக்கொண்ட அடிப்படை ஒன்றுதான்: விவரம் தெரிந்த சிறு கூட்டம் ஒருபக்கம், விவரம் தெரியாத பெருங்கூட்டம் மறுபக்கம். சிறு கூட்டத்துக்குத் தங்கள் ஆட்கள் யார் என்று தெரியும், அதை மறைத்துக்கொண்டு மற்றவர்கள் நடுவில் உட்கார்ந்திருக்கும். இந்த மறைப்பை எடுத்துவிட்டால் ஆட்டமே இல்லை. ஆகவே பெயரில் இருக்க வேண்டியது அறிதல் அல்ல, மறைத்தல் என்பது என் கட்சி. அதனால்தான் போன வாரம் 'கரவாட்டம்' என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போனேன். இப்போது அதற்கு வழக்காட வந்திருக்கிறேன்.

> மாஃபியா ஆட்டம், ஓநாய் ஆட்டம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே. எல்லாருக்கும் புரிகிறதே.

அவை தனி ஆட்டங்களின் பெயர்கள், வகைக்கு ஆகாது. மாஃபியாவுக்கு 1997-இல் ஆண்ட்ரூ பிளாட்கின் ஓநாய்மனிதன் வேடம் போட்டார். பகலில் சாதாரண ஆளாக இருந்து இரவில் கொல்கிறவனுக்கு அது மாஃபியாவைவிடப் பொருத்தம் என்று அவருக்குத் தோன்றியது. 2018-இல் வந்து 2020-இல் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது பற்றிக்கொண்ட அமங் அஸ், கதையை விண்கலத்துக்குள் கொண்டுபோய் வைத்தது. கதை மாறிக்கொண்டேதான் இருக்கும். 'வெளியேற்று ஆட்டம்' என்று இன்னொருவர் எழுதியிருந்தார், அதுவும் நிற்காது. 2009-இன் த ரெசிஸ்டன்சில் ஆட்டம் முடியும்வரை யாரையும் வெளியேற்றுவதே கிடையாது, ஆனால் எதிரித் தரப்பு ஒற்றர்கள் ஒளிந்திருப்பார்கள்.

> 'ஊகிப்பு ஆட்டம்'? சுருக்கமாக இருக்கிறது. கடைசியில் ஊகம்தானே எல்லாம்?

வெறும் ஊகம் என்றால் ஊர் பிழைக்காது, தம்பி. நம் ஆட்டத்தின் மூன்றாம் பகலை எடுத்துக்கொள். ஏழு பேர் மிச்சம், அதில் இரண்டு பேர் எதிரிகள். ஊர்ப் பக்கத்தில் இரவில் ஓர் ஆளை எதிரியா என்று சோதித்துப் பார்க்கும் ஒற்றரும், ஒருவரைக் காப்பாற்றும் மருத்துவரும் ஏற்கெனவே போய்விட்டார்கள். அந்த இடத்திலிருந்து யாரும் எதுவும் பேசாமல் குலுக்கல் முறையில் பகலுக்கு ஓர் ஆளை வெளியேற்றிக்கொண்டே போனால் ஊர் வெல்லும் வாய்ப்பு எவ்வளவு என்று தாளில் போட்டுப் பார்த்தேன். 35-க்கு 8 வருகிறது, அதாவது கால்பங்குக்கும் கீழே. மிச்சத்தைப் பேச்சில்தான் சம்பாதிக்க வேண்டும். யார் எப்போது பேசினார், எதற்குச் சுற்றி வளைத்தார், யார் ஓட்டு விழுந்த பிறகு யார் ஓட்டு என்று பார்ப்பதை ஊகம் என்ற சொல்லுக்குள் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. (நாங்கள் பேசியும் தோற்றோம் என்பது வேறு கதை. அது கீழே வருகிறது.)

'குறிப்பறி ஆட்டம்' மட்டும் என்னைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. நல்ல சொல், திருக்குறளில் அந்தப் பெயரிலேயே இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன, 71-ஆவதும் 110-ஆவதும். ஆனால் அங்கே முகம் இருக்கிறது, கண் இருக்கிறது. நெஞ்சில் இருப்பதை முகம் பளிங்குபோலக் காட்டிவிடும் என்பதுதானே அங்கே பேச்சு. நாங்கள் ஆடியது எழுத்தில், ஒரு பகல் என்பது 48 மணி நேரம். முகமே இல்லாத இடத்தில் எதைப் பார்ப்பது?

நான் எழுத்துநடையைப் பார்த்தேன். அங்கேதான் வினை வந்தது.

இரண்டாம் பகலில் ஒன்பது பேர் இருந்தோம். எங்களில் ஒருவர், அவரும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார், முதல் பகல் முழுக்க 'எனக்கு அவர் மேல கொஞ்சம் டவுட்டா இருக்கு', 'சும்மா கேட்டேன் பா' என்று எழுதிக்கொண்டிருந்தவர். இரண்டாம் பகல் விடிந்ததும் அவரிடமிருந்து ஒரே ஒரு மடல்: 'முதல் நாள் வாக்கெடுப்பை முன்னின்று நடத்தியவர் மீது எனக்கு ஐயம் உள்ளது. அனைவரும் அவரது வாக்கைக் கவனிக்க வேண்டுகிறேன்.' அவ்வளவுதான். நேற்றுவரை டவுட்டு, இன்றைக்கு ஐயமா? பேச்சுத்தமிழில் எழுதுகிற ஆள் திடீரென்று செந்தமிழுக்குத் தாவினால் ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டு எழுதுகிறார் என்றுதானே பொருள்? எடை போடுகிறவர் எதையோ ஒளிக்கிறார் என்று முடிவு கட்டி, பெரிய துப்பறிவாளன் போல நீளமாக ஒரு மடல் எழுதி முதல் ஓட்டைப் போட்டேன். அவர் தூங்கி எழுவதற்குள் ஐந்தாவது ஓட்டும் விழுந்துவிட்டது.

அவர்தான் ஒற்றர்.

முதல் இரவில் அவர் சோதித்துப் பார்த்த ஆள் சரியாக எதிரி. அதை நேராகச் சொன்னால் அன்றிரவே அவரைக் கொன்றுவிடுவார்கள், காப்பாற்ற மருத்துவரும் இல்லை. அதனால் சொல்லியும் சொல்லாமலும் ஊரைத் திருப்பப் பார்த்திருக்கிறார். அந்த இரண்டு வரியை நான்கு முறை அழித்து எழுதினாராம். ஆட்டம் முடிந்த பிறகு சொன்னார். எடை போட்டார் என்று நான் கண்டது சரி, ஒளித்தார் என்று கண்டதும் சரி. எதற்கு ஒளித்தார் என்பதில்தான் கோட்டைவிட்டேன்.

> 'கரவு' என்றால் வஞ்சனைதானே? ஆடுகிற எல்லாரையும் வஞ்சகர் ஆக்கிவிடுகிறதே இந்தச் சொல்?

இந்தக் கேள்விக்கு அந்த ஒற்றரே பதில். கரவில் வஞ்சனையும் உண்டு, ஆனால் அடிப்பொருள் ஒளித்தல். 'இயல்வது கரவேல்' என்று ஆத்திசூடியில் படித்தது நினைவிருக்கும். கொடுக்க முடிந்ததை ஒளித்து வைக்காதே என்கிறாள் ஔவை. அங்கே கரப்பவன் வஞ்சகன் அல்ல, கஞ்சன். நம் ஆட்டத்தில் எதிரி தன்னை ஒளிக்கிறான், ஒற்றர் தான் அறிந்ததை ஒளிக்கிறார், மருத்துவர் யாரைக் காப்பாற்றினார் என்பதை ஒளிக்கிறார். ஊர்க்காரர்கூடச் சில நேரம் தனக்குப் பெரிய பொறுப்பு இருப்பது போல நடித்து எதிரியின் அடியைத் தன் மேல் வாங்கிக்கொள்கிறார். ஆளுக்கொரு கரவு. 'வஞ்சக ஆட்டம்', 'கபட ஆட்டம்' என்ற யோசனைகளை நான் ஏற்காததும் இதனால்தான். அவை எதிரிகளுக்கு மட்டும் பொருந்துகின்றன.

> புணர்ச்சி சரியா? 'கரவுவாட்டம்' என்றல்லவா வரும்?

கதவு + அடைப்பு, கதவடைப்பு. அதே வழிதான்.

> வினையாக்கினால் 'கரவாடு' என்று வருமே. கை தவறினால் 'கருவாடு' ஆகிவிடும்!

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு சுழி பிசகினால் மணக்கத்தான் செய்யும். 'கரவாட்டம் ஆடினோம்' என்று பெயராகவே வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

சரி, உட்சொற்களுக்கு வருகிறேன். மொழிபெயர்ப்புப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த நாம், ஆடும்போது பதற்றத்தில் என்ன சொன்னோம் என்று யாரும் பார்க்கவில்லை. பகலில் ஓட்டுப் போட்டு ஒருவரை நீக்குவதற்கு இந்த இழையில் 'ஊர்விலக்கு' என்று வந்திருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அது பல குடும்பங்கள் உண்மையிலேயே அனுபவித்த கொடுமையின் பெயர், விளையாட்டுக்கு எடுக்கக் கூடாது. ஆங்கிலத்தில் ஆடுகிறவர்களிலும் பலர் கும்பல் கொலையைக் குறிக்கும் பழைய சொல்லை இதே காரணத்துக்காகக் கைவிட்டுவிட்டார்கள். நம் பதிவில் நாற்பது இடத்திலாவது இருப்பது 'தூக்கு'தான். 'இன்னிக்கு யாரைத் தூக்கலாம்?', 'அவரைத் தூக்கினா யாருக்கு லாபம்?' அணியிலிருந்து ஆளைத் தூக்குவதும் அதுதான், மேடையில் ஏற்றுவதும் அதுதான். யாரும் உட்கார்ந்து உருவாக்காத சொல் இவ்வளவு கச்சிதமாக வந்து விழுந்திருக்கிறது, இதை விட்டுவிட்டு எங்கே போகப் போகிறோம்?

எதிரி தன் கூட்டாளி மீதே ஓட்டுப் போட்டு ஊரிடம் நல்ல பெயர் வாங்குவதற்கு 'காவு'. முதல் பகலில் எங்களுக்கு நடந்தது இதுதான். ஓர் எதிரியைத் தூக்கிவிட்டோம் என்று குதித்தோம், அவனைக் காவுகொடுத்தவரே அந்த வாக்கெடுப்பை முன்னின்று நடத்தினார். ஒற்றர் ஐயப்பட்டதும் அவரையேதான். நாங்கள் அவரைத் தலைவராக வைத்துக்கொண்டு ஒற்றரைத் தூக்கினோம்!

யோசிக்காமல் கும்பலோடு சேர்ந்து போடும் ஓட்டு 'கோவிந்தா ஓட்டு'. கூட்டத்தோடு கோவிந்தாவிலிருந்து யாரோ கிளப்பிவிட்டது, யார் என்று பதிவில் தேடினால் கிடைக்கும். தன் பொறுப்பை வெளிப்படையாக அறிவிப்பதற்கு நான் 'பொறுப்புரைப்பு' என்று பட்டியலில் எழுதியிருந்தேன், அதை அடித்துவிடுங்கள். 'போட்டுடைத்தல்' இருக்கும்போது அது எதற்கு? 'இதுக்கு மேல முடியாது, போட்டு உடைச்சிடறேன்' என்று நான்காம் பகலில் ஒருவர் எழுதியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பாவம், உடைப்பதற்கு அவரிடம் ஒன்றுமே இல்லை, வெறும் ஊர்க்காரர்.

எதிரிக்கு 'புல்லுருவி' என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஆட்டத்தை நடத்துகிறவருக்கு 'நடத்துநர்' எனக்குச் சம்மதமில்லை. படிக்கும்போதெல்லாம் விசில் சத்தம் கேட்கிறது. 'கதைசொல்லி' இருக்கட்டும்.

பேச்சில் கசிகிற அடையாளத்துக்குச் 'சாடை' என்று முன்மொழிகிறேன். குறிப்பு என்பது வேண்டுமென்றே காட்டுவதாகவும் இருக்கலாம், சாடை தன்னையறியாமலும் தெரிந்துவிடும். அதிலும் பேச்சுநடையிலிருந்து எழுத்துநடைக்குத் தாவுவதில் தெரிவது 'நடைச்சாடை'. இதற்கு ஆங்கிலத்தில் சொல் தேட வேண்டாம், இரட்டை நடையில் புழங்குகிற நமக்குத்தான் இந்தத் தொல்லை. எழுத்தில் ஆடுகிறவர்கள் இதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஊர் தன் ஆளையே தவறாகத் தூக்கிவிடுவதற்கு ஒரு சொல் வேண்டும். 'வீண்தூக்கு' என்று நான் குறித்து வைத்திருக்கிறேன், 'அநியாயத் தூக்கு' என்று நம் ஒற்றர் தனிமடலில் எழுதியிருக்கிறார். அந்த ஐந்து ஓட்டில் முதல் ஓட்டு என்னுடையது. அதனால் இந்தச் சொல்லுக்கு மட்டும் என் ஓட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அவர் சொல்வதையே எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
முதல் ஓட்டுப் போட்டவன்